சோழவரத்துக் காற்று

சென்ற மாதம் ஒரு காரியமாகக் கும்மிடிப்பூண்டி வரைக்கும் போக நேர்ந்தது. வாடகைக் கார். சாரதிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். செங்குன்றம் தாண்டியதும் சாலை விசாலமாக விரிந்தது. மற்ற வண்டிகளெல்லாம் எங்களைக் கடந்து பறந்துகொண்டிருந்தன. எங்கள் வண்டியின் முள் மட்டும் 50-ஐ விட்டு அசைவதாகக் காணோம்.

"கொஞ்சம் விரட்டலாமே, அப்பா?" என்றேன்.

"விரட்டலாம் சார். உங்களுக்கு ஒண்ணும் ஷிப்ட் இல்லையே?" என்றார் அவர்.

பிறகுதான் விஷயம் வெளிவந்தது. தினந்தோறும் அவர் அங்குள்ள ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்கிறவர். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. டீசல் அவருடைய செலவு. பத்து நிமிஷம் தாமதமானால் கூலியில் பிடித்தம். ஆகையால் போகும்போது 90-ல் போவார். காலி வண்டியோடு திரும்பும்போது 50-ல் வருவார். போகும்போது விட்ட காசை வரும்போது பிடிக்கிறாராம்!

வண்டி சோழவரத்தை நெருங்கியது. எனக்கு அந்த ஊரின் பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாவது மகாயுத்தத்தின்போது சோழவரத்தில் ஒரு விமானத் தளம் அமைத்தார்கள். பட்டணத்து ஜனங்களுக்கோ அப்போது பெட்ரோல் கிடைக்கவில்லை. 1941-ல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்துவிட்டது. மறு வருஷம் பர்மா விழுந்தது. ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை ஆங்கிலேயர்களே நாசம் செய்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அந்தச் சமயத்தில் பிறந்ததுதான் கரி பஸ். பஸ்ஸின் பின்புறம் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றை அளவாக விட்டு எரித்தால் ஒருவகை வாயு உண்டாகும். அதைக் குடித்துக்கொண்டு என்ஜின் ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்லுகிறேன். பெட்ரோலில் கிடைக்கும் சக்தி அதில் கிடையாது. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

நமக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுத்தது கரி. அமெரிக்காவில் அதையே சட்டம் போட்டுச் செய்தார்கள். மலேயா பறிபோனதால் அவர்களுக்கு ரப்பர் பஞ்சம். 1942-ல் மணிக்கு 35 மைலுக்கு மேல் யாரும் போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. டயரை மிச்சம் பிடிக்கப் போட்ட உத்தரவு அது. கூடவே பெட்ரோலும் மிச்சமாயிற்று.

யுத்தம் முடிந்தது. 1950-களில் அதே சோழவரம் ஓடுபாதையில் மோட்டார்ப் பந்தயங்கள் ஆரம்பமாயின! விமானம் ஏறிய இடத்தில் பியட்டும் ஹெரால்டும் உறுமிக்கொண்டு சுற்றின. அதைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலை ஏற்படும் வரையில் சோழவரம் என்றாலே வேகம் என்றுதான் பொருள்.

பந்தயக்காரன் எதோடு போட்டி போடுகிறான்? பக்கத்துக் காரோடு என்று நினைக்கிறோம். உண்மையில் பெரிய எதிரி காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு ஆகிறது. அதைச் சமாளிக்க என்ஜின் கொடுக்கவேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. ஆனால் அதற்காக ஆமை வேகத்தில் போனாலும் லாபமில்லை. வண்டி நகர்ந்தாலும் நகராவிட்டாலும் தன்னைத் தானே சுற்றிக்கொள்ள என்ஜினுக்கு ஒரு தீனி வேண்டியிருக்கிறது. சுங்கச்சாவடியில் நிற்கிற கார் ஓர் அடிகூட நகராமல் எண்ணெய் குடிக்கிறது அல்லவா? இந்த இரண்டு நஷ்டங்களுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது சிக்கனமான வேகம்.

அந்த 'எங்கேயோ'வைத் தேட உலகம் 1973 வரையில் அக்கறை காட்டவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் விற்ற எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை எட்டிவிட்டது. 1974 ஜனவரியில் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தினால் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேகம் 55 மைலாகக் குறைக்கப்பட்டது. லாரிக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மிச்சமான எண்ணெயும், சொல்லப்போனால், சொற்பந்தான். ஆனால் சாலை விபத்துகளில் 1973-ல் 54,000 பேர் மாண்டார்கள். 1974-ல் 45,000 பேர். ஜனங்கள் கார் எடுப்பதையே குறைத்துக்கொண்டதும் ஒரு காரணந்தான். இருந்தாலும் பெட்ரோலுக்காகப் போட்ட சட்டம் உயிரையும் காப்பாற்றியது என்பதை யாரும் மறுக்க முடியாது. 1995-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

நம் நாட்டில் சட்டம் போடவில்லை, புத்திமதி சொன்னார்கள். 1978-ல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. டேராடூனில் உள்ள பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையத்தார் கார்களை ஓட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கை அது ஊரெல்லாம் பரப்பியது: 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிட 45-லிருந்து 55-க்குள் போனால், அதே பெட்ரோலுக்கு 40 சதவிகிதம் வரை அதிக தூரம் ஓடும். இன்றைய கார்கள் காற்றை வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி செய்யப்படுகின்றன. ஆகவே கணக்கு முன்பின் ஆகலாம். அம்பாசிடர் கம்பெனியாரே 1998-ல் திருவள்ளூரில் லான்சர் காரைத் தயாரிக்க ஆரம்பித்தபோது, குண்டு மூக்கு போய்ச் சரிந்த மூக்கு வந்துவிட்டது. ஆனால் காற்று பழைய காற்றுதான்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாதவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 80-ல் போனால் 26 நிமிஷம்; 50-ல் போனால் 42. வித்தியாசம் பதினாறு நிமிஷம். அந்தப் பதினாறு நிமிஷத்தின் விலையைக் கொடுப்பவர் இதோ எனக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். அவசரப்படுகிறவர்களோ வேறு யாரோ.

"கால் மணி முன்னாலேயே ஆட்களைக் கிளம்பச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"சொல்லிப் பார்த்தேன் சார். அந்தக் கால் மணி அவங்க தூங்குற நேரம். நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற பசங்க. அவங்களைப் போய் எழுப்பச் சொல்றீங்களா?"

கவரப்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினார். மறக்காமல் என்ஜினை அணைத்தார்.