சுற்றுகளின் எண்ணிக்கை சொல்லாதவை: ஃபார்முலா ஒன் முன்பருவச் சோதனைக் கோளாறுகளை வகைப்படுத்தும் ஒரு முயற்சி

1. சிக்கல்

ஃபார்முலா ஒன் பந்தயப் பருவம் தொடங்குமுன் அணிகள் தங்கள் புதிய கார்களைச் சில நாள் ஓட்டிச் சோதிக்கின்றன. அந்நாள்களின் செய்திகள் இரண்டு எண்களைச் சுற்றியே அமைகின்றன: ஒரு சுற்றை மிக விரைவாக முடித்தவர் யார், அதிகச் சுற்றுகள் ஓடிய அணி எது. முதல் எண்ணை நம்பக்கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தொட்டியில் எவ்வளவு எரிபொருள் இருந்தது, எவ்வகை டயர் பூட்டப்பட்டிருந்தது, என்ஜினை எந்த அளவுக்கு முடுக்கினார்கள் என்பதெல்லாம் வெளியே தெரியாது. ஆகவே சுற்றுகளின் எண்ணிக்கையே நம்பகமான அளவுகோல் என்ற எண்ணம் நிலைபெற்றுவிட்டது.

இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. 2014, 2015, 2022 ஆண்டுகளின் சோதனைகளை ஒப்பிட்டால், ஓடிய தூரத்தைவிட, நேர்ந்த கோளாறு எவ்வகையைச் சேர்ந்தது என்பதே பருவத்தின் போக்கோடு ஒத்துவருகிறது. கோளாறுகளை இங்கு இரண்டாகப் பிரிக்கிறேன். உறுப்புகளை ஒன்றோடொன்று இணைத்த முறையிலோ தனி உறுப்பின் பழுதிலோ உண்டாவது பொருத்தல் கோளாறு. எந்த ஆதாயத்தை எண்ணிக் கார் அவ்வடிவில் கட்டப்பட்டதோ, அதை விட்டுக்கொடுத்தால்தான் தீரும் என்ற நிலையில் இருப்பது கருத்துருக் கோளாறு.

2. ஹெரெஸ், 2014

அவ்வாண்டு 2.4 லிட்டர் வி8 என்ஜின் விலகி, 1.6 லிட்டர் வி6 டர்போ வந்தது. அதனுடன் இரண்டு மின் மோட்டார்கள் இணைந்தன. ஒன்று பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலைச் சேமிப்பது. மற்றொன்று டர்போவோடு சேர்ந்து சுழன்று, வெளியேறும் புகையின் ஆற்றலை மின்சாரமாக்குவது. முன்பு சுற்றுக்கு ஏழு விநாடிகூட நீடிக்காத 60 கிலோவாட் மின் உதவி, 120 கிலோவாட்டாக உயர்ந்து நெடுநேரம் கிடைத்தது. ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான் என்றும் விதி வந்தது. டர்போ, பேட்டரி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே குளிரவைக்க வேண்டியிருந்தது.

ஸ்பெயினின் ஹெரெஸ் களத்தில் ஜனவரி 28 முதல் 31 வரை நடந்த சோதனையில் மெர்சிடஸ் என்ஜின் பூட்டிய நான்கு அணிகள் சேர்ந்து 875 சுற்றுகள் ஓடின. ஃபெராரி என்ஜின் அணிகள் 444. ரெனோ என்ஜின் அணிகள் 151. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் பட்டம் வென்ற ரெட் புல், ரெனோ அணிகளுள் ஒன்று. அதன் கார் நாள்வாரியாக 3, 8, 3, 7 என 21 சுற்றுகளே ஓடியது. 4.428 கிலோமீட்டர் நீளமுள்ள அக்களத்தில் அது ஏறத்தாழ 93 கிலோமீட்டர். ஒரு பந்தயத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த 21 சுற்றுகளுக்குப் பின்னால் இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ரெனோ தரப்பில் முதலில் ஆற்றல் சேமிப்புத் தொகுதிக்குள் ஒரு துணையமைப்பு பழுதானது. அது சரியானதும் டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முறையில் குறை வெளிப்பட்டது. இதற்கு மேல், காற்றியக்க ஆதாயத்துக்காக ரெட் புல்லின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூயியின் குழு காரின் பின்பகுதியை இறுக்கிக் கட்டியிருந்ததால் வெப்பம் வெளியேற வழியின்றிக் கார் புகைந்து நின்றது. இவை பொருத்தல் கோளாறுகள். மென்பொருளைத் திருத்தி, காற்றுப்போக்கை அகலப்படுத்தினால் தீரக்கூடியவை. காரின் காற்றியக்க அடிப்படையை மாற்றத் தேவையில்லை. அப்பருவத்தில் ரெட் புல் கனடா, ஹங்கேரி, பெல்ஜியம் பந்தயங்களை ஓட்டுநர் டேனியல் ரிக்கார்டோவின் மூலம் வென்று, 405 புள்ளிகளுடன் அணிகள் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது.

இங்கே ஒரு குறிப்பு தேவை. மெர்சிடஸ் என்ஜினை நோக்க ரெனோ என்ஜினுக்கு ஆற்றல் குறைவு என்பது பிறகுதான் முழுமையாகத் தெரிந்தது. ஓடவே முடியாத என்ஜினின் வலிமையை அளக்க முடியாது. ஓட்டத்தைத் தடுத்த கோளாறு இந்த ஆற்றல் குறைவை மறைத்தது. நாள்கள் வீணாவதைவிட இந்த மறைப்பே குறைந்த ஓட்டத்தின் உண்மையான இழப்பு. மறுபுறம், ஹெரெஸில் தனியாகவே 309 சுற்றுகள் ஓடிய மெர்சிடஸ் அணியும் முதல் பந்தயத்தில் தப்பவில்லை. மெல்போர்னில் முதலிடத்தில் இருந்து புறப்பட்ட லூயிஸ் ஹாமில்டன், ஒரு சிலிண்டர் செயல்படாமல் போனதால் சில சுற்றுகளிலேயே விலகினார். ஆனாலும் அப்பருவத்தின் 19 பந்தயங்களில் 16ஐ அவ்வணியே வென்றது.

3. ஹெரெஸ், 2015

அடுத்த ஆண்டு அதே களத்தில் மெக்லாரன்-ஹோண்டா 79 சுற்றுகள் ஓடியது. நாள்வாரியாக 6, 6, 32, 35. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது ரெட் புல்லின் கணக்கைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. நாளுக்கு நாள் முன்னேற்றமும் தெரிகிறது. ஆனால் அணி அப்பருவத்தை 27 புள்ளிகளுடன் ஒன்பதாம் இடத்தில் முடித்தது.

அணி தேர்ந்தெடுத்த வடிவத்தில்தான் காரணம் இருந்தது. காரின் பின்பகுதியை இயன்றவரை ஒடுக்க வேண்டும் என்று தீர்மானித்து, என்ஜின் தயாரித்த ஹோண்டா, டர்போவின் காற்றழுத்தியை வி வடிவச் சிலிண்டர் வரிசைகளின் நடுவே அடக்கியது. அந்த இடத்துக்குள் பொருந்த டர்போ சிறியதாக இருக்க வேண்டும்; சிறிய டர்போவால் போதிய ஆற்றலை மீட்க இயலாது. நீண்ட நேர்பாதைகளில் மின் உதவி பாதியிலேயே தீர்ந்துவிடும். பின்னர் பார்சிலோனா சோதனையில் மின் மோட்டாரின் சீல் பழுதானது செய்தியானது. சீலை மாற்றலாம். டர்போவைப் பெரிதாக்க வேண்டுமானால் ஒடுங்கிய உடல் என்ற கருத்தையே தளர்த்த வேண்டும். ஹோண்டா அந்த அமைப்பை முழுமையாகக் கைவிட்டது 2017இல்தான்.

4. பார்சிலோனா, 2022

மூன்றாவது எடுத்துக்காட்டு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 2022இல் காரின் அடித்தளத்துக்குக் கீழே பாயும் காற்றைக்கொண்டே பெரும்பகுதி கீழ்நோக்கு விசையை உருவாக்கும்படி விதிகள் மாறின. பிப்ரவரி இறுதியில் பார்சிலோனாவில் கார்கள் நேர்பாதையில் வேகமெடுத்ததும் மேலும் கீழும் துள்ளின. தளம் தரையை நெருங்க நெருங்க உறிஞ்சல் கூடுகிறது. ஓர் எல்லைக்குப் பின் காற்றோட்டம் அறுந்து கார் எழும்புகிறது. எழுந்ததும் காற்று மீண்டும் சீராகி இழுக்கிறது. காற்றுச் சுரங்கச் சோதனைக்கு 60 விழுக்காட்டு அளவுள்ள மாதிரியும் விநாடிக்கு 50 மீட்டர் வேகமும்தான் அனுமதி. மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் தலைகாட்டும் இத்துள்ளலை அங்கே காண்பது கடினம்.

அச்சோதனையின் கடைசி நாளில் அதிவேகச் சுற்று ஹாமில்டனுடையது. மெர்சிடஸ் போதிய தூரமும் ஓடியிருந்தது. இரு எண்களும் சாதகமாக இருந்தும், முந்தைய எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அணிப் பட்டம் வென்ற மெர்சிடஸ் 2022இல் ஒரேயொரு பந்தயத்தை வென்று மூன்றாம் இடத்தில் நின்றது. ஃபெராரியும் துள்ளியது, ஆயினும் பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயத்தை வென்றது. மெர்சிடஸின் காரோ தரையை மிக ஒட்டி ஓடினால்தான் வேகம் தரும்படி வகுக்கப்பட்டிருந்தது. துள்ளலைத் தவிர்க்கக் காரை உயர்த்தினால் கீழ்நோக்கு விசை போய்விடும். தீர்வே ஆதாயத்தை அழித்தது.

5. ஒரு மறுப்பு

முடிவு தெரிந்த பிறகு கோளாறுகளை வகைப்படுத்துவது எளிது, சோதனை நாளிலேயே எப்படி அறிவது என்று கேட்கலாம். அன்றைக்கே கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு உண்டு. பரிகாரம் செய்தபின் கார் முன்பிருந்த வேகத்தை இழக்கிறதா? பரிகாரத்துக்கு விதிகள் இடம்தருகின்றனவா? இரண்டாவதன் எடையை 2015 காட்டுகிறது. அப்போது என்ஜினை எவ்வளவு மாற்றலாம் என்பதை டோக்கன் கணக்கு வரையறுத்தது. மற்ற மூன்று நிறுவனங்களிடம் மீந்த டோக்கன்களின் சராசரியாக ஹோண்டாவுக்குக் கிடைத்தவை 9. தன் அடிப்படை அமைப்பையே மாற்ற வேண்டிய நிறுவனத்துக்கு அவை எம்மூலைக்கு?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. பானையில் எல்லாச் சோறும் ஒரே நெருப்பில் வெந்தது. காரின் கோளாறுகளுக்குப் பிறப்பிடம் வேறுவேறு.

6. முடிவு

சோதனை தேவையற்றது என்பதல்ல இதன் பொருள். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010இல் ஓட்டிய ஹிஸ்பானியா அணியின் கார் முன்பருவச் சோதனை எதிலும் கலந்துகொள்ளவில்லை. பஹ்ரைனில் பயிற்சி ஓட்டங்களும் கைநழுவ, தகுதிச் சுற்றில்தான் அவர் அக்காரை முதன்முதலாக ஓட்டினார். பந்தயத்தில் இரண்டாம் சுற்றில் விபத்துக்குள்ளானார். சோதனைக் களத்தில் செலவிடப்படாத நேரத்தைப் பந்தயக் களத்தில் செலுத்த வேண்டியிருக்கிறது.

ஆனால் நாள்களைக் குறைக்கும்போது எவ்வகைக் கோளாறு கண்ணுக்குத் தப்புகிறது என்பதை ஒழுங்குமுறையாளர்கள் எண்ண வேண்டும். பொருத்தல் கோளாறு முதல் நாளிலேயே புகையாக, கசிவாகத் தன்னைக் காட்டிவிடும். கருத்துருக் கோளாறு, ஓடத் தொடங்கிய பின், பல அமைப்புகளில் மாற்றி மாற்றி ஓட்டி ஒப்பிட்டால்தான் புலப்படும். 2014இல் பன்னிரண்டாக இருந்த சோதனை நாள்கள் 2025இல் மூன்றாகச் சுருங்கின. புதிய என்ஜின் விதிகளை முன்னிட்டு 2026க்கு மூன்று கட்டச் சோதனை வகுக்கப்பட்டது. விதி மாறும் ஆண்டில் நாள்களைக் கூட்டும் அம்முறை, இவ்வாதத்தின்படி, சரியானது. சோதனைச் செய்திகளை எழுதுவோரும் சுற்றுப் பட்டியலுக்கு அருகே இன்னொரு பத்தியைச் சேர்க்கலாம்: கார் நின்றபோது எந்த உறுப்பு மாற்றப்பட்டது, மாற்றியபின் கார் எதை இழந்தது. பருவத்தை முன்னறிய அதுவே கூடுதலாக உதவும்.