கூரையில்லா வண்டியில் ஆறு காவலர்கள்



1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். நம் பள்ளிப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்யும் செய்தி இது. யார், எப்போது, எங்கே என்ற மூன்று கேள்விகளோடு பாடம் முடிந்துவிடும். அன்று கர்னியின் ரோல்ஸ் ராய்சு மகிழுந்துக்கு முன்னால் ஒரு காவல்துறை வண்டி சென்றது. அதில் ஆறு மலாய்க் காவலர்கள் அமர்ந்திருந்தனர். வண்டிக்குக் கூரை கிடையாது; பக்கங்களில் குண்டைத் தடுக்கும் தகடும் கிடையாது. தாக்குதல் தொடங்கிய சில கணங்களில் அந்த அறுவரில் ஐவர் குண்டடி பட்டனர். பதுங்கித் தாக்குவோர் நிறைந்த காட்டுச் சாலையில், நாட்டின் தலைமை ஆட்சியாளருக்குக் காவலாக அத்தகைய வண்டி ஏன் அனுப்பப்பட்டது? வறுமையோ மறதியோ மட்டும் அதற்குக் காரணமாக இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. அதன் பின்னால் ஒரு கொள்கை இருந்தது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அது லேண்ட் ரோவர். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் செல்வந்தர்களின் வாகனம் நினைவுக்கு வரும். அன்று அது உழவருக்காகப் பிறந்த வண்டி. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் இருந்த தம் பண்ணையில் போர்க்காலத்து அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதனைப் போலவே, கலப்பை இழுக்கவும் வயலுக்குச் சாமான் ஏற்றவும் உதவும் வண்டி ஒன்றைச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு இருந்தது. ஆகவே சட்டத்தை மட்டும் எஃகில் அமைத்து, உடற்பகுதியின் பெரும்பாகத்தை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். மேலே கித்தான் துணி. வேண்டாமென்றால் அதனையும் கழற்றிவிடலாம். 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. சரியாக ஏழு வாரங்கள் கழித்து, ஜூன் 18-இல், மலாயா முழுமைக்கும் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது.

மலாயாவின் செம்மண் சாலைகளுக்கும் சேற்றுக்கும் அது மிக நல்ல வண்டிதான், அதில் ஐயமில்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். எடை குறைவு. பழுது பார்ப்பது எளிது. ஆனால் அந்த அலுமினியத் தகடு மழையைத் தடுக்கும், சேற்றைத் தடுக்கும். துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. ஜப்பானியர் காலத்தில் நேச நாடுகள் வானிலிருந்து இறக்கிக் கொடுத்த பிரிட்டிஷ் துப்பாக்கிகளும் பிரென் இயந்திரத் துப்பாக்கிகளும் கம்யூனிஸ்டுகளிடம் இருந்தன. அவற்றின் குண்டுக்கு அந்தத் தகடு தடித்த காகிதத்தைப் போன்றது.

அவசரகாலம் தொடங்கியபோது மலாயாக் காவல்துறையில் ஏறத்தாழ 10,000 பேரே இருந்தனர். சில மாதங்களிலேயே தோட்டங்களையும் ஈய வயல்களையும் காக்கச் சிறப்புக் காவலர்கள் பல்லாயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். ஆளைச் சேர்த்த வேகத்தில் வண்டியைச் சேர்க்க முடியவில்லை. கிடைத்த சரக்குந்து, கிடைத்த ஜீப், கிடைத்த லேண்ட் ரோவர் எல்லாம் சுற்றுக்காவலுக்குப் போயின.

தோட்டத்துத் துரைமார்கள் அந்த அளவுக்குப் பொறுமையாக இருக்கவில்லை. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்ட பிறகு, பலர் தம் சொந்த மகிழுந்துகளுக்குத் தாமே கவசம் பூட்டத் தொடங்கினர். பட்டறையில் கொடுத்து, கதவுக்குள்ளும் பின்னிருக்கைக்குப் பின்னாலும் எஃகுத் தகடுகளைப் பொருத்தினார்கள். முன் கண்ணாடியை மறைத்து, பார்ப்பதற்கு ஒரு கீற்று மட்டும் விட்டவர்களும் உண்டு. வில்கள் தாழ்ந்து, மேட்டில் இயந்திரம் திணறி, உள்ளே அடுப்பைப் போலக் கொதிக்கும் அந்த வண்டிகளில்தான் வங்கியிலிருந்து சம்பளப் பணம் தோட்டத்துக்கு வந்தது. சம்பள நாளில் வழிமறிப்பது கம்யூனிஸ்டுகளின் வழக்கமான உத்தி. அந்தப் பணத்துக்காக லயத்தில் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் நம் பாட்டன் பாட்டிகள்தாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆக, கவசத்தின் அருமை மலாயாவில் யாருக்கும் தெரியாத இரகசியமன்று. பட்டறைக்காரர்கூட அறிந்திருந்தார். காவல்துறையின் தலைமைக்கு மட்டும் வேறு கருத்து இருந்தது.

அப்போது காவல்துறை ஆணையராக இருந்தவர் கர்னல் டபிள்யூ. என். கிரே. மரீன் படையில் பணியாற்றியவர். 1946 முதல் 1948 வரை பாலஸ்தீனக் காவல்துறையின் தலைவராக இருந்தவர். கர்னியும் அதே காலத்தில் பாலஸ்தீனத்தின் தலைமைச் செயலாளராக இருந்தார். அங்கு ஆட்சி முடிந்ததும் இருவரும் மலாயாவுக்கு வந்தனர். பாலஸ்தீனக் காவல்துறையிலிருந்து சுமார் 500 பிரிட்டிஷ் சார்ஜன்ட்டுகளும் வந்தனர்.

காவல்துறை வண்டிகளுக்குக் கவசம் பூட்டுவதைக் கிரே விரும்பவில்லை. அவருடைய வாதம் இதுதான்: கவச வண்டிக்குள் இருக்கும் காவலர் வெளியே வரமாட்டார்; தாக்குதல் நடந்தால் கதவை அடைத்துக்கொண்டு ஓட்டிப் போய்விடுவார், அல்லது உள்ளேயே பதுங்குவார். திறந்த வண்டியில் இருப்பவரோ உடனே குதித்து இறங்கி எதிரியைத் தாக்குவார். கவசம் காவலரின் போர்க்குணத்தை மழுங்கடிக்கும் என்பது அவர் எண்ணம்.

இந்த வாதத்தை முட்டாள்தனம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று. இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டவன் சுற்றுப்புறத்தைப் பார்க்கவும் கேட்கவும் முடியாமல் போகிறான் என்பது உண்மைதான். எடை கூடிய வண்டி மலைச்சாலையில் சூடேறி நிற்கும் என்பதும் உண்மை. சாலையைவிட்டு இறங்காத காவல்துறையால் காட்டில் இருப்பவர்களை வெல்ல முடியாது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கிரேயின் வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. பதுங்கித் தாக்குபவனே முதல் குண்டைச் சுடுகிறான். எந்த வளைவு, எந்த மேடு, எந்த நேரம் என்பதையெல்லாம் அவனே தேர்ந்தெடுக்கிறான். வண்டி வேகம் குறையும் வளைவில், மேட்டின் மேலிருந்து, கீழே கூரையில்லாத தொட்டிக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் மனிதர்களை நோக்கிச் சுடுகிறான். குதித்து இறங்குவதற்கு முதலில் உயிரோடும் காலோடும் இருக்க வேண்டுமே! முதல் பத்து நொடிகளுக்கு ஆளைக் காப்பாற்றும் பக்கத் தகடு ஒன்று இருந்தால்தான் பதினோராவது நொடியில் அவர் இறங்கிப் போரிட முடியும். காவலரின் துணிவை வளர்க்க அவருடைய பாதுகாப்பைக் குறைக்கலாம் என்ற சிந்தனையில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. அந்த வண்டிகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளத்து மலாய்க் கம்பத்து இளைஞர்கள். கொள்கையை வகுத்தவர்கள் அவர்களுடன் தினமும் ரோந்து போனவர்கள் அல்லர்.

பணம் இல்லை என்ற சாக்கும் 1951-இல் எடுபடாது. கொரியப் போரால் இரப்பர் விலை வானளாவ உயர்ந்து, மலாயா அரசின் கருவூலம் நிரம்பியிருந்த காலம் அது. கொரியப் போர் காரணமாக இராணுவத் தளவாடங்கள் கிடைப்பது தாமதமானது என்பது வேறு. கேட்காத பொருள் எப்படியும் வராது.

இனி அந்த அக்டோபர் 6-ஆம் நாளுக்கு வருவோம். அன்று சனிக்கிழமை. கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட வரிசையில் முன்னே திறந்த லேண்ட் ரோவர். அடுத்து ரோல்ஸ் ராய்சில் கர்னி, அவர் துணைவியார், அந்தரங்கச் செயலாளர் ஆகியோர். பின்னே வானொலித் தொடர்புக் கருவி பொருத்திய காவல்துறை வண்டி. அதனுடன் ஒரு சிறு கவச ஊர்தி. இந்த வரிசையைக் கவனியுங்கள். கவசம் உள்ள ஒரே வண்டி பின்னால் வருகிறது; எந்தக் கவசமும் இல்லாத வண்டி தலைப்பில் செல்கிறது. பதுங்கியிருப்பவர் கண்ணில் முதலில் படுவது எது என்று சொல்லத் தேவையில்லை.

வானொலி வண்டியின் கதை இன்னும் விந்தையானது. அக்காலத்துத் தொடர்புக் கருவிகள் பெரியவை. மின்கலமும் கருவியும் இயக்குபவரும் சேர்ந்தால் தனி வண்டியே வேண்டும். எனவே வரிசை முழுவதற்கும் வாயும் காதும் அந்த ஒரு வண்டிதான். கோலகுபு பாருவைத் தாண்டி மலையேறும் வழியில் அது பழுதாகி நின்றுவிட்டது. கர்னி பயணத்தைத் தொடரவே முடிவு செய்தார். ஆக, மிக ஆபத்தான பகுதிக்குள் நுழையும்போது அவருடைய காவல் அணிக்கு வெளியுலகோடு பேச வழியில்லை.

அந்தச் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அதன் தன்மை தெரியும். கோலகுபு பாருவிலிருந்து சிலாங்கூர் – பகாங் எல்லையிலுள்ள கேப் வரை ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு, இடையில் ஓயாத வளைவுகள். ஐம்பத்தாறரையாவது மைல் அருகே சியூ மா என்பவர் தலைமையில் 38 பேர் காத்திருந்தனர். முதல் வேட்டுகள் லேண்ட் ரோவரைத் தாக்கின. ரோல்ஸ் ராய்சும் நின்றது. கர்னி கதவைத் திறந்து இறங்கி, சாலையோரத்தை நோக்கி நடந்தார். சுடப்பட்டு அங்கேயே விழுந்தார். துப்பாக்கிச் சூட்டைத் தம் துணைவியாரிடமிருந்து திசைதிருப்பவே அவர் அப்படிச் செய்தார் என்பர். வண்டிக்குள் தாழ்ந்து கிடந்த துணைவியாரும் செயலாளரும் உயிர் தப்பினர்.

கர்னியைக் குறிவைத்தே தாக்கினார்கள் என்றுதான் அக்காலத்தில் பலரும் நம்பினர். 2003-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் சின் பெங் அதனை மறுத்தார். உயர் ஆணையர் அவ்வழி வருவது தம் ஆட்களுக்குத் தெரியாது; கிடைக்கும் படை வண்டி ஒன்றைத் தாக்கவே அவர்கள் காத்திருந்தனர்; சிக்கியவர் கர்னி என்பது தற்செயல் என்கிறார். அது உண்மையானால், அன்று அவ்வழியே எந்தச் சாதாரணச் சுற்றுக்காவல் வண்டி வந்திருந்தாலும் அதே குண்டுகள் அதே அலுமினியத்தைத் துளைத்திருக்கும். செய்தித்தாளில் அதற்கு நான்கு வரி கிடைத்திருக்கும். அவ்வளவுதான்.

செத்தவர் உயர் ஆணையர் என்பதால் இலண்டன் விழித்துக்கொண்டது. புதிதாகப் பதவியேற்றிருந்த குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஆலிவர் லிட்டல்டன் 1951 டிசம்பரில் நேரில் வந்து பார்த்தார். காவல்துறையின் குழப்பமும், அதற்குக் கவச வண்டிகள் இல்லாத நிலையும் அவரைத் திடுக்கிட வைத்தன. கிரே பதவியிலிருந்து விலக நேர்ந்தது. 1952 தொடக்கத்தில் இலண்டன் மாநகரக் காவல்துறையின் ஆணையர் ஆர்தர் யங் அவருடைய இடத்துக்கு வந்தார்; பிப்ரவரியில் ஜெனரல் டெம்ப்ளர் வந்தார். அதன் பின்னரே காவல்துறைக்குக் கவச வண்டிகள் தாராளமாக வரத் தொடங்கின. பிரிட்டிஷ் இராணுவத்தின் சராசென் என்னும் ஆறு சக்கரக் கவச ஊர்தியின் தயாரிப்பை முடுக்கிவிட்டதும் மலாயாவின் தேவையே. கவசம் வந்த பிறகு காவலர்கள் வண்டிக்குள் பதுங்கினார்களா? இல்லை. டெம்ப்ளர் காலத்தில்தான் காவல்துறையின் காட்டுப் படைப்பிரிவுகள் முன்னெப்போதையும்விட உள்ளே சென்றன.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிவுற்றது. பாதுகாப்புத் தரப்பில் 1,865 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் இராணுவத்தினர் அல்லர், காவல்துறையினர். கர்னியின் பெயர் பினாங்குக் கடற்கரைச் சாலைக்கு இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்த கர்னி சாலை பின்னர் ஜாலான் செமாராக் ஆகி, 2014-இல் ஜாலான் சுல்தான் யஹ்யா பெட்ரா என்று மாறியது.

அத்தாக்குதலுக்குப் பின், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினர் என்ற குற்றச்சாட்டில், ரவூப்புக்கு அருகிலுள்ள திராஸ் என்னும் சிற்றூரின் மக்கள் சுமார் 2,000 பேர் ஒருவர் விடாமல் அப்புறப்படுத்தப்பட்டு ஈப்போ தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். ஊரே காலியாயிற்று. அது தனியாகச் சொல்ல வேண்டிய கதை. பள்ளி விடுமுறையில் எழுதுகிறேன்.