சம்பளவேற்றமும் சட்டமும்: தமிழ் எழுதுவினைஞர் வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

இலங்கைத் தமிழரின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அளித்த முக்கியத்துவத்தைக் கந்தோர் மேசைக்கு அளித்தாரல்லர். ஆயினும், யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் சீவியத்தைப் பல தலைமுறைகளாக நிருணயித்து வந்தது அம்மேசையே எனலாம். “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்ற வழக்கு இன்று நகைப்புக்காகவே எடுத்தாளப்படுகிறது. ஆனால், தலைமுறைதோறும் பங்கு பிரிந்து சிறுத்துப்போன காணியையும் கிணற்று நீரையும் நம்பி வாழ்ந்த குடாநாட்டாருக்கு, மாத முடிவில் தவறாது வரும் சம்பளமும் முதுமையில் வரும் ஓய்வூதியமும் நகைப்புக்குரியனவாக இருக்கவில்லை.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கினர். கோல்புறூக் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து, 1833இன் பின் ஆங்கிலம் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க உத்தியோகத்தின் வாயில் ஓரளவு திறந்தது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை பூர்த்தியானதும் கொழும்பு அண்மித்தது. மலாயாவுக்கும் இதே கல்வியைக் கொண்டே பலர் கப்பலேறினர். இவ்வாயில் எல்லோருக்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலப் பாடசாலையின் வாங்கில் சமமாக அமரும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டமையால், கந்தோர்க் கதிரையும் பெரும்பாலும் உயர்சாதியினரின் உடைமையாகவே இருந்தது.

எழுதுவினைஞரின் நாளாந்த வாழ்வு வெளியார் எண்ணியதுபோல் சுகமானதன்று. காலையில் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுமுன் ஒப்பமிட வேண்டும். பிந்தினால் பெயர் கோட்டின் கீழே போய்விடும். அதன்பின் மாலைவரை கோப்பும் குறிப்பும் நினைவூட்டற் கடிதமுமே. தான் வரைந்த கடிதத்தில் தன் பெயர் இராது. மேலதிகாரியின் ஒப்பமே இருக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நால்வர் ஐவராகச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமையற் செலவைப் பங்கிட்டனர். குடும்பம் ஊரில், சம்பளத்தின் பெரும்பகுதி காசுக்கட்டளையாக அங்கே போய்விடும். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத்தைக் ‘காசுக்கட்டளைப் பொருளாதாரம்’ என அழைத்தமை இதனாலேயே. தங்கையின் சீதனம், தம்பியின் படிப்பு, ஈட்டிலிருக்கும் காணி ஆகிய மூன்றும் மேசையில் அவரோடு கூடவே அமர்ந்திருந்தன. இத்தகைய மனிதருக்கு ஆண்டுதோறும் கிடைத்த சிறு சம்பளவேற்றம் வெறும் தொகையன்று; ஊருக்கு அளித்த வாக்குறுதிகளை நிறைவேற்றுவதற்கான ஒரே வழி அது.

1956 ஏப்ரலில் கொழும்புக்கும் வடபகுதிக்குமிடையே ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கிற்று. அதே ஆண்டின் நடுப்பகுதியில், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் நிறைவேறியது. ஊருக்குச் செல்லும் பாதை இலகுவாகிய அதே ஆண்டில் கந்தோரில் முன்னேறும் பாதை அடைபட்டமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் தேர்ந்து சேவையிற் சேர்ந்தவர்கள் நடுவயதில் புதியதொரு மொழியில் பரீட்சை எழுதவேண்டியவராயினர். சிலர் மாலை வகுப்புகளுக்குச் சென்று அரிச்சுவடி பயின்றனர். சிலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றனர். சிலர் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தனர். முதல் இரு சாராரைக் கோழைகளெனப் பழிப்பது அக்கால மேடைகளுக்கு எளிதாக இருந்தது. ஊரிலே அடுப்பெரிய வேண்டிய நிலையில் அவர்கள் செய்த தெரிவை அவ்வாறு எடைபோடுவது நீதியாகாது.

மறுத்தவர்களுள் ஒருவரே கேகாலைக் கச்சேரியில் கடமையாற்றிய செல்லையா கோடீஸ்வரன். 1961 டிசம்பரில் வெளியான திறைசேரிச் சுற்றுநிருபத்தின்படி சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை தொடர்பான நிபந்தனையை அவர் நிறைவேற்றவில்லை என்று கூறி, 1962 ஏப்ரலில் அவருக்குரிய சம்பளவேற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஒரு சமூகத்தவர்க்கு மட்டும் இயலாமைகளை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது எனச் சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு கூறிற்று. அப்பிரிவுக்கு மொழிச் சட்டம் முரணானது என்பதே அவரது வாதம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. ஆனால், மொழிப் பிரச்சினையைத் தொட்டன்று. அரசாங்க ஊழியர் சம்பளம் கோரி முடிக்கெதிராக வழக்காட முடியாது என்ற காரணம் காட்டியே அது அவ்வாறு செய்தது.

1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அக்கருத்தை நிராகரித்தது. இலங்கையில் வழங்கிய உரோம-டச்சுச் சட்ட மரபை ஆராய்ந்த டிப்ளொக் பிரபு, உழைத்த சம்பளத்தை வழக்கிட்டுப் பெறும் உரிமை அரசாங்க ஊழியர்க்கு உண்டு எனத் தீர்ப்பெழுதினார். மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினா உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பப்பட்டது. அங்கே அது விசாரிக்கப்படவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. தமிழும் அரசகரும மொழியாகும் என அரசியல் யாப்பிற் சேர்க்கப்பட்டது 1987இல், பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலமே. அதற்குள், மறுக்கப்பட்ட அந்தச் சம்பளவேற்றத்துக்கு இருபத்தைந்து வயதாகியிருந்தது. கோடீஸ்வரன் எழுப்பிய மொழி வினாவுக்கு எந்த நீதிமன்றமும் இறுதி விடை கூறவில்லை. அவர் பெற்றுக்கொடுத்த வழக்காடும் உரிமையோ சிங்கள எழுதுவினைஞருக்கும் தமிழ் எழுதுவினைஞருக்கும் பொதுவாயிற்று.