விலைச்சரிவில் வீட்டு முடிவு: ஜப்பான், 1991க்குப் பின்

வீட்டு விலை இறங்கிக்கொண்டே போகும்போது வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா என்ற கணக்கு எப்படிப் புரளும் என்பதற்கு 1990களின் ஜப்பானே தெளிவான சான்று. நிலத்தின் விலை இறங்கவே இறங்காது என்று மக்களும் வங்கிகளும் ஒருசேர நம்பிய நாடு அது. மத்திய வங்கி 1989 மே மாதம் 2.5 விழுக்காடாக இருந்த தன் வட்டியை 1990 ஆகஸ்டுக்குள் 6 விழுக்காடாக உயர்த்தியது. நிலத்தொழிலுக்கான கடனுக்கும் அரசு கடிவாளம் போட்டது. அரசு அறிவிக்கும் நில விலையின் தேசியச் சராசரி 1992 முதல் 2006 வரை ஒவ்வோர் ஆண்டும் சரிந்தது. பெருநகரங்களில் குடியிருப்பு மனை பாதிக்கும் கீழே போனது.

வாங்குபவர் பெரும்பாலும் ஒப்பிடுவது தவணையையும் வாடகையையும்தான். ஒரு கற்பனைக் கணக்கு: வீட்டின் விலை 4 கோடி யென், வாடகை ஆண்டுக்கு 16 லட்சம். முழுவதும் 3 விழுக்காட்டுக் கடனில் வாங்கினால் முதல் ஆண்டு வட்டி 12 லட்சம். வாங்குவதே லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டில் விலை 5 விழுக்காடு விழுந்தால் 20 லட்சம் கரைந்துவிடுகிறது. பராமரிப்பும் வரியும் சேராமலேயே செலவு 32 லட்சம், அதாவது வாடகையைப் போல இரு மடங்கு. வட்டி மலிவு என்ற விளம்பரம் இந்த இழப்பைச் சொல்வதில்லை.

இதைவிடக் கொடியது கடன். வீட்டின் விலை இறங்கும். எழுதிக்கொடுத்த கடன் இறங்காது. வீட்டை விற்றும் பாக்கி நின்றால் ஜப்பானில் அதைக் கடன் வாங்கியவரே கட்டவேண்டும். சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது. அதனால் உச்சவிலையில் வாங்கியவர்கள் வேலை மாறினாலும் குடும்பம் பெருகினாலும் அதே வீட்டிலேயே சிக்கிக்கொண்டார்கள். அரசின் வீட்டுக்கடன் கழகம் அளித்த ஒரு திட்டத்தில் முதல் சில ஆண்டுகளுக்குத் தவணை குறைவு, பிறகு கூடும். சம்பளம் ஏறும் என்ற நினைப்பில் வகுத்த திட்டம் அது. 1990களின் இறுதியில் சம்பளமே இறங்கத் தொடங்கியது.

இனியும் இறங்கும் என்று தெரிந்தால் வாங்குபவர் காத்திருப்பார், அந்தக் காத்திருப்பே விலையை மேலும் இறக்கும். எனினும் எல்லோரும் வாடகைக்குப் போய்விடவில்லை. சொந்த வீட்டில் வாழ்வோர் ஏறக்குறைய 60 விழுக்காடாகவே நீடித்தனர். வாடகை வாழ்க்கையும் மலிவல்ல என்பது ஒரு காரணம். முன்பணத்தோடு, திரும்பி வராத ‘ரெய்கின்’ என்னும் நன்றித்தொகையும் வீட்டுக்காரருக்குப் பல இடங்களில் தரவேண்டும். டோக்கியோ பக்கம் இரண்டாண்டுக்கொருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கவும் கட்டணம் உண்டு. முதியவர்களுக்கு வீடு தரப் பலர் தயங்குவார்கள். தவிர, மனை விலை சரிந்த அளவுக்கு வாடகை சரியவில்லை. ஆகவே சரிவு முற்றிய 1990களின் பிற்பகுதியில் டோக்கியோ நகர மையத்தில் அடுக்குமாடி வாங்குவது மீண்டும் பலருக்குக் கட்டுபடியானது. காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் இது. அவசரப்பட்டவர்களோ அப்போதும் பழைய கடனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிற்றூர்களில் அந்தத் திருப்பம் வரவில்லை. 2023 கணக்கெடுப்பில் நாடெங்கும் சுமார் 90 லட்சம் வீடுகள், மொத்தத்தில் 13.8 விழுக்காடு, ஆளில்லாமல் கிடந்தன. சிலவற்றை உள்ளாட்சிகள் அடிமாட்டு விலைக்கும் இலவசமாகவும் பட்டியலிடுகின்றன. அப்படி வாங்கினாலும் ஆண்டு வரி உண்டு, ஒழுகும் கூரை உண்டு. இடிக்கும் செலவு மனையின் விலையையே தாண்டும் ஊர்களும் உண்டு.