களவா, பொய்ச்சாட்சியா? கல்வி மோசடி பற்றிய கிறித்தவ அறநோக்கு

பிறர் எழுதியதைத் தம் பெயரில் வெளியிடுவதைத் தமிழில் 'கருத்துத் திருட்டு' என்கிறோம். இலத்தீனிலும் இதே பார்வைதான். தம் பாக்களைத் தன்னுடையவை என்று அரங்கில் படித்தவனை, கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்சியல் 'பிளாகியாரியுஸ்' என்றார். அடிமைகளையும் பிள்ளைகளையும் கடத்துபவனுக்கு வழங்கிய பெயர் அது. இச்சொற்களின் வழியே போன நம் போதனையும் இக்குற்றத்தைக் களவைப் பற்றிய கட்டளையின் கீழ் வைத்துவிட்டது. அந்த வகைப்பாடு பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். கல்வி மோசடி பொய்ச்சாட்சிக் கட்டளைக்கு உரியது. (கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் அது 8ஆம் கட்டளை, ஆங்கிலிக்கன் மரபில் 9ஆம் கட்டளை. எண்ணைப் பற்றிய வழக்கு இங்கே வேண்டாம்.)

களவு என்றால் ஒரு பொருள் இருக்க வேண்டும். அதை இழந்த ஒருவர் இருக்க வேண்டும். பணம் கொடுத்து ஆய்வேடு எழுதி வாங்குபவர் யாருடைய பொருளைத் திருடினார்? எழுதித் தந்தவர் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். தேர்வறையில் விடைத்தாளைச் சற்றே சாய்த்துக் காட்டும் நண்பனும் எதையும் இழக்கவில்லை. களவுக் கட்டளையை மட்டும் கையில் வைத்திருக்கும் போதகர் இவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பார். பொய்ச்சாட்சி என்று பார்த்தால் இருவருமே பிடிபடுகிறார்கள். விடைத்தாளில் எழுதும் பதிவெண்ணும் ஆய்வேட்டு முகப்பில் அச்சாகும் பெயரும், இது என் உழைப்பு என்று ஒரு மன்றத்தின் முன் கொடுக்கும் வாக்குமூலங்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒன்று இதைத் தெளிவாக்கும். மார்ட்டின் லூதர் கிங் 1955இல் அங்கே முறைசார் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார். பால் டில்லிக், ஹென்றி நெல்சன் வைமன் ஆகிய இருவரின் கடவுட்கொள்கையை ஒப்பிடுவது அவருடைய ஆய்வேடு. ஸ்டான்ஃபோர்டில் கிளேபோர்ன் கார்சன் தலைமையில் கிங்கின் எழுத்துகளைப் பதிப்பித்த குழுவினர், அதன் பல பகுதிகள் ஜாக் பூசர் என்பவர் அதே பல்கலைக்கழகத்தில் 1952இல் அளித்த ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். 1990 நவம்பரில் செய்தி நாளிதழுக்கு வந்தது. பூசர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். இரண்டு ஆய்வேடுகளுக்கும் வழிகாட்டி ஹரால்ட் டிவுல்ஃப் ஒருவரே என்பது, வழிகாட்டிகளாக இருக்கும் நாம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

கிங் பூசரை மறைக்கவில்லை. முன்னுரையிலேயே அவருடைய ஆய்வேட்டைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். இத்தகைய நூல்களிலிருந்து எடுப்பவற்றை உரிய அடிக்குறிப்புகளால் காட்டுவதாகவும் வாக்குத் தருகிறார். பிழை அந்த வாக்கிலிருந்துதான் தொடங்குகிறது. அடிக்குறிப்பு இல்லாத ஒவ்வொரு வரியும் கிங்குடையது என்று எண்ண, வாசகருக்கு அந்த வாக்கே உரிமை தருகிறது. பூசர் உயிரோடிருந்து, என் வரிகளை எடுத்துக்கொள்ளட்டும் என்று மனமார வழங்கியிருந்தாலும் இந்தப் பொய் அழிந்திருக்காது. அது பூசருக்கு எதிராக மட்டும் சொல்லப்பட்டதன்று. தேர்வாளருக்கும், பின்னால் அந்த ஏட்டைப் புரட்டும் ஒவ்வொருவருக்கும் எதிராகச் சொல்லப்பட்டது.

கிங்குக்காக வாதாடியவர்கள் உண்டு. கறுப்பினத் திருச்சபைகளில் பிரசங்கியார் ஒருவர் மற்றொருவரின் சொற்களை எடுத்துத் தம் குரலில் கலந்து பேசுவது பொதுச்சொத்து மரபு என்றும், கிங் அதில் வளர்ந்தவர் என்றும் 1992இல் வந்த நூலில் கீத் மில்லர் காட்டினார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. புனித அகுஸ்தீனே இதற்கு இடம் தருகிறார். கி.பி. 426 அளவில் முடித்த 'கிறித்தவப் போதனை' நூலின் 4ஆம் பகுதியில், நன்றாகப் பேச வரும், ஆனால் சொந்தமாக இயற்ற வராத போதகர் பிறர் எழுதிய உரையை மனப்பாடம் செய்து சபையில் சொல்லலாம் என்கிறார். ஒருவர் சொல்லை ஒருவர் திருடும் தீர்க்கதரிசிகளைக் கண்டிக்கும் எரேமியா 23:30 அவர் நினைவுக்கு வராமல் இல்லை. கடவுளின் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறவனுக்கு அது அந்நியச் சொத்து அன்று என்று அதற்கு விடையும் சொல்கிறார். ஆனால் ஏமாற்று இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை அவர் விட்டுவிடவில்லை. பிரசங்க மேடையில் யாரும் இதை நீரே இயற்றினீரா என்று கேட்பதில்லை. ஆய்வேட்டில் கேட்கப்படுவதே அது ஒன்றுதான். மேடையின் வழக்கத்தை ஆய்வேட்டுக்குக் கொண்டுபோக மில்லரின் வாதத்தாலும் முடியாது.

நம் மரபிலும் இதற்கு ஒப்பு உண்டு. முன்னோர் சொல்லை அப்படியே எடுத்தாள்வதை நன்னூல் ஏற்கிறது. எனவே களவு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதே நன்னூல், சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டிய எட்டில் ஆக்கியோன் பெயரை முதலிலும், நூல் வந்த வழியை அதற்கு அடுத்தும் வைக்கிறது. எடுத்துக்கொள், எங்கிருந்து என்று சொல். நன்னூலாசிரியர் பவணந்தி கேட்டதும் அகுஸ்தீன் கேட்டதும் ஏறக்குறைய ஒன்றே.

நண்பனுக்கு விடை காட்டியவனிடம் திரும்புவோம். அவன் அன்பினால் செய்தான். எபிரெயக் குழந்தைகளைக் காக்கப் பார்வோனிடம் பொய் சொன்ன மருத்துவச்சிகளைப் பற்றி அகுஸ்தீனும் தாமஸ் அக்வினாஸும் தரும் தீர்ப்பு இங்கே பொருந்தும்: கடவுள் பலன் அளித்தது அவர்களின் இரக்கத்துக்கு, பொய்க்கு அன்று.

இதைவிடக் கடினமான மறுப்பு ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபரிடமிருந்து வருகிறது. உண்மை பேசுதல் பற்றிச் சிறையில் எழுதிய கட்டுரையில் அவர் ஒரு சிறுவனைக் காட்டுகிறார். உன் தந்தை குடித்துவிட்டு வருகிறாரா என்று ஆசிரியர் வகுப்பின் முன் கேட்கிறார், வருவது உண்மை, சிறுவன் இல்லை என்கிறான். கேட்க உரிமையில்லாததைக் கேட்ட ஆசிரியர்மீதே பழி என்பது போன்ஹோஃபரின் முடிவு. ஒரே தேர்வில் வாழ்க்கையைத் தொங்கவிடும் அமைப்பும் உரிமையற்ற கேள்வி கேட்பதுதானே என்று ஒரு மாணவர் கேட்கலாம். அமைப்பின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறுவனின் பொய் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காத்தது. அதனால் வேறு யாருக்கும் இழப்பில்லை. தேர்வறைப் பொய் அடுத்த இருக்கையில் நேர்மையாக எழுதியவனின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

பரிகாரத்துக்கு வரும்போது வகைப்பாட்டின் விளைவு தெரியும். களவுக்குப் பரிகாரம் பொருளைத் திருப்புவது. சகேயு நாலத்தனையாகத் திருப்புவதாகச் சொன்னான். பொய்ச்சாட்சிக்கு எதைத் திருப்புவது? பொய்யால் ஒருவரின் நற்பெயரைக் கெடுத்தவர், தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டே அதை ஈடுசெய்ய வேண்டும் என்கிறார் அக்வினாஸ். எண்ணாகமம் 5ஆம் அதிகாரமும் அறிக்கையிடுவதை முதலில் வைத்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்புவதை அதன்பின் வைக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை இதோடு வைத்துப் பாருங்கள். ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை, ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவு ரத்து. இது முழுக்கக் களவின் கணக்கு: எவ்வளவு எடுத்தாய் என்பதே கேள்வி. இந்த ஆய்வேடு என்னால் எழுதப்பட்டது என்ற உறுதிமொழியையும் அதே விதிமுறைகள் கேட்கின்றன. தண்டனையோ உறுதிமொழி பொய்த்ததற்கு அன்று, விழுக்காட்டுக்கு. சொற்களை மாற்றிப் போட்டு மென்பொருளைத் தாண்டியவரும், கூலிக்கு எழுதி வாங்கியவரும் இந்தக் கணக்கில் குற்றமற்றவர்கள்.

கிங்கின் ஆய்வேட்டை விசாரிக்கப் பாஸ்டன் பல்கலைக்கழகம் அமைத்த குழு 1991இல் வேறு வழியில் போனது. நூலகத்திலுள்ள ஆய்வேட்டோடு, நடந்ததைச் சொல்லும் கடிதம் ஒன்றை இணைக்கப் பரிந்துரைத்தது. பட்டத்தைப் பறிப்பதால் பயனில்லை என்றது. பலர் இதைச் சலுகை என்றார்கள். என் கணிப்பில், பொய்ச்சாட்சிக்கு ஏற்ற பரிகாரத்தை அது கண்டுகொண்டது: பொய் இருந்த இடத்திலேயே உண்மை வைக்கப்பட்டது. குறை ஒன்றே. சாட்சி சொன்னவர் 1968இலேயே கொல்லப்பட்டுவிட்டதால், கடிதத்தை வேறொருவர் எழுத வேண்டியதாயிற்று.

நம் இறையியல் கல்லூரிகளில் பிடிபடுபவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஒப்புமை அறிக்கையைக் காட்டித் திருத்தச் சொல்லி அனுப்பிவிடாமல், எதை எங்கிருந்து எடுத்தேன் என்று அவர்கள் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு பக்கத்தை ஆய்வேட்டின் உறுதிமொழிக்கு அடுத்து வைத்துக் கட்டச் செய்யுங்கள்.