புகை இல்லாத பழுது: டீசல் எஞ்சினில் காற்றை அளந்த வரலாறு

டீசல் எஞ்சின் பிறந்தபோது காற்றை அளக்கும் தேவையே அதற்கு இருக்கவில்லை. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினும் அதன் வழிவந்தவையும் காற்றைத் தடையின்றி உள்ளே இழுத்துக்கொண்டன. பலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எரிபொருளின் அளவுதான். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கணக்கான விகிதத்தில் சேர வேண்டும். டீசலுக்குக் காற்று மிச்சமாக இருந்தால் போதும். போதாமல் போனால் சைலன்சரில் கரும்புகை கிளம்பும். நெடுங்காலம் மெக்கானிக்குகள் காற்றின் அளவை அறிந்தது அந்தப் புகையை வைத்துத்தான்.

இருந்தாலும் காற்றோட்டத்தைக் கொண்டே டீசல் பம்பை ஆளும் ஏற்பாடு ஒன்று அந்தக் காலத்திலும் உண்டு. 1950, 60களின் மெர்சிடிஸ் 180 டி, 190 டி கார்களில் ஆக்சிலரேட்டர் நேரே பம்பைத் தொடாது. காற்று நுழையும் குழாயின் ஒடுங்கிய கழுத்தில் இருக்கும் தகட்டைத்தான் திருப்பும். அங்கே உண்டாகும் வெற்றிடம் மெல்லிய குழாய் வழியே பம்பின் கோடியிலிருக்கும் தோல் சவ்வை இழுக்கும். சவ்வு எரிபொருளின் அளவை மாற்றும். தோல் காய்ந்து விரிசல் விட்டால் வெற்றிடம் கசியும், ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கும், புகை கக்கும். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பம்பின் நிறுத்தக் கைப்பிடியைக் கடைசிவரை தள்ளி, வெற்றிடக் குழாய் மாட்டும் வாயை விரலால் அடைத்து, கைப்பிடியை விட வேண்டும். சவ்வு நன்றாக இருந்தால் கைப்பிடி அப்படியே நிற்கும்; பின்னால் நழுவினால் தோல் போய்விட்டது. பிந்திய தலைமுறைச் சோதனைகளில் இவ்வளவு நேர்மையான ஒன்று அபூர்வம்.

டர்போ வந்ததும் கணக்கு மாறியது. 1978இல் விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் 300 எஸ்டி போன்ற வண்டிகளில், டர்போவின் அழுத்தம் ஏறிய பிறகே கூடுதல் டீசல் தரும் அமைப்பு பம்பின் மேல் உட்கார்ந்தது. அழுத்தச் செய்தியைக் கொண்டுபோகும் குழாயின் வாயில் கரி அடைத்துக்கொண்டால் செய்தி போய்ச் சேராது. டர்போ சுழலும், காற்று வரும், டீசல் மட்டும் கூடாது. வண்டியில் இழுவை இருக்காது, புகையும் இருக்காது. புகையைப் பார்த்தே பழுது சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதுவகைச் சிக்கல். பின்னாளில், காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் கெட்ட வண்டிகளும் இதே அறிகுறியோடுதான் பட்டறைக்கு வந்தன.

அந்த சென்சார் வளர்ந்தது பெட்ரோல் வீட்டில். பாஷ் நிறுவனம் 1973இல் கொண்டுவந்த எல்-ஜெட்ரானிக் அமைப்பில், காற்று தள்ளும் தகடு எவ்வளவு திறக்கிறது என்பதே அளவு. 1980களின் தொடக்கத்தில் எல்ஹெச்-ஜெட்ரானிக் தகட்டை எடுத்துவிட்டு, சூடேற்றிய பிளாட்டினம் கம்பியைக் காற்றில் நிறுத்தியது. ஓடும் காற்று கம்பியைக் குளிர்விக்கும்; சூட்டைக் குறையாமல் வைத்திருக்கத் தேவைப்படும் மின்சாரம் காற்றின் நிறையைச் சொல்லும். இதன் இயற்பியலை எல். வி. கிங் 1914இலேயே எழுதிவிட்டார். கம்பியில் அழுக்குப் படியும் என்பதால் எஞ்சின் நின்றதும் அதைச் சுமார் 1,000 டிகிரி வரை சூடாக்கி எரித்துச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் இருந்தது. அடுத்து வந்த ஹாட்-ஃபிலிம் சென்சார்களில் கம்பிக்குப் பதில் மெல்லிய படலம். எரித்துத் துப்புரவு செய்யும் வழக்கம் அங்கே கைவிடப்பட்டது.

டீசலுக்கு இது ஏன் தேவைப்பட்டது? முதல் காரணம் மின்னணு. பாஷின் மின்னணு டீசல் கட்டுப்பாடு 1986இல் வந்தது; 1989இல் ஆடி 100 டிடிஐ அதை நேரடி இன்ஜெக்‌ஷனோடு சேர்த்தது. புகை வராதபடி எவ்வளவு டீசல் தரலாம் என்று கணிக்க, உள்ளே வரும் காற்றின் நிறை, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியுவுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது காரணம் சட்டம். ஐரோப்பாவில் 1992இல் யூரோ 1 தொடங்கி விதிகள் இறுக இறுக, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க வெளிவரும் வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் பரவியது. சூடும் கரியும் நிறைந்த அந்த வாயுவை நேரடியாக அளப்பது கடினம். அதனால் புதிய காற்றை அளந்தார்கள்: திரும்பி வரும் வாயு கூடினால் புதிய காற்று அந்த அளவுக்குக் குறையும்.

1990களின் பிற்பகுதியில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.9 லிட்டர் டிடிஐ எஞ்சின்கள் ஐரோப்பா முழுவதும் ஓடின. ஏர்ஃப்ளோ சென்சாரின் பழுதை அதிகம் பேர் கற்றுக்கொண்டது அவற்றில்தான். ஏர்ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்தூசி, எண்ணெய் தடவிய ஃபில்டரிலிருந்து பறக்கும் துளி, எஞ்சினின் எண்ணெய் ஆவி ஆகியவை படலத்தில் படிந்தால் அது காற்றைக் குறைத்துச் சொல்லத் தொடங்கும். ஈசியு அதை நம்பி டீசலைக் குறைக்கும். சென்சாரின் ஒயர் அறுந்தாலோ மின்னழுத்தம் எல்லை தாண்டினாலோ பழுதுக் குறியீடு பதிவாகும். நம்பத்தகுந்த பொய்யைச் சொல்லும் சென்சாரை அன்றைய ஈசியு பிடிக்காது. ஸ்கேனர் பழுதில்லை என்று காட்டும், ஓட்டுநரோ மேடு ஏறவில்லை என்பார்.

பட்டறைகளில் முதலில் பரவியது, செலவில்லாத ஒரு தந்திரம்: சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. தகவல் நின்றதும் ஈசியு கைவசமுள்ள மாற்று மதிப்புக்குப் போகும். வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தால் சென்சார்மேல் சந்தேகம் விழும். சந்தேகம் மட்டுமே; சாக்கெட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் ஈஜிஆரும் மூடிக்கொள்வதால், அதன் கோளாறு மறைந்தும் வண்டி தேறியிருக்கலாம். இன்னொன்று மல்டிமீட்டர். பாஷின் எச்எஃப்எம் 5 வகை ஹாட்-ஃபிலிம் சென்சாரில் சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் சிக்னல் ஏறக்குறைய 1 வோல்ட் இருக்க வேண்டும்.

உறுதியான வழி, எதிர்பார்க்கும் அளவையும் கிடைக்கும் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. விஏஜி 1551 போன்ற பட்டறைக் கருவிகளிலும், பிறகு மடிக்கணினி மென்பொருள்களிலும், 003ஆம் அளவீட்டுத் தொகுதி இரண்டையும் ஒரே திரையில் காட்டியது. அலகு, ஒரு ஸ்ட்ரோக்குக்கு மில்லிகிராம். 1,896 சிசியை நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 474 சிசி. சாதாரண அழுத்தத்தில் அதில் அடங்கும் காற்று சுமார் 570 மில்லிகிராம். டர்போ முழு வீச்சில் இருக்கும்போது எண் இதைவிட வெகுவாக ஏற வேண்டும். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் 500, 550க்கு மேல் நகராவிட்டால், அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றால், சென்சார் பொய் சொல்கிறது.

அழுத்தத்தையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அழுத்தமே ஏறாத வண்டியில் சிறிய எண்தான் உண்மை. டர்போவுக்குப் பின்னாலுள்ள குழாய் கிழிந்திருந்தால் அளந்த காற்று வழியிலேயே போய்விடும், கரும்புகை வரும். அங்கே சென்சார் நிரபராதி. திறந்தபடி சிக்கிய ஈஜிஆர் வால்வும் எண்ணைக் குறைக்கும். ஐடிலில் ஈஜிஆரை மூடும்போது எண் சட்டென்று உயர்ந்தால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. இந்த வேறுபாடுகளைப் பிரிக்காமல் புது சென்சார் வாங்கி மாட்டியதில் வீணான பணம் கொஞ்சமல்ல. அழுக்கைத் துடைக்கப் பஞ்சு நுழைத்துப் படலத்தையே உடைத்தவர்களும் உண்டு. அதற்கான ஸ்ப்ரேயை அடித்துத் தானாக உலரவிடுவதே முறை, அதுவும் எப்போதும் பலிக்காது.

2003 முதல் ஐரோப்பாவில் புதிய டீசல் கார் வகைகளுக்கு வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஈஓபிடி கட்டாயமானது. எஞ்சினின் வேகம், காற்றழுத்தம், வெப்பநிலை மூன்றையும் கொண்டு வரவேண்டிய காற்றை ஈசியு கணக்கிட்டு, சென்சார் சொல்வதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பி0101 என்ற குறியீட்டைப் பதியும் முறை பரவியது. அதற்கு முந்திய வண்டிகளில் அந்த ஒப்பீட்டை இன்றும் மெக்கானிக்தான் செய்ய வேண்டியிருக்கிறது.