நூலகருக்கும் ஒரு படிப்பு உண்டு

பழைய மாணவர்கள் நாலு பேர் கூடினால் முதலில் பேச்சு பேராசிரியர்களைப் பற்றித்தான். அடுத்து விடுதிச் சாப்பாடு, அதற்கடுத்து கேன்டீன். நூலகரைப் பற்றிப் பேச்சு வருவதே அபூர்வம். வந்தாலும், "புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறதுக்கு ஒரு பட்டப்படிப்பா சார்?" என்று யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார். இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இதற்குச் சரியான பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் சீர்காழிக்காரர் ஒருவர். அந்த வரலாற்றை, பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்குப் புரிந்த வகையில் இங்கே சொல்கிறேன்.

நூலகப் பணிக்கென்று ஒரு பள்ளியை முதலில் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மெல்வில் டூயி. நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் 1887 ஜனவரியில் அது தொடங்கியது. முதல் வகுப்பில் 20 பேர். அவர்களில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்த்தது நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1889இல், பள்ளி ஆல்பனி நகருக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே கற்றுத்தந்தவற்றில் பெரும்பகுதி கைத்தொழில்தான். பட்டியல் அட்டையில் எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று கையெழுத்துப் பயிற்சிகூட உண்டு!

இந்தியாவுக்கும் இந்தப் பயிற்சி அமெரிக்கர்கள் வழியாகத்தான் வந்தது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் 1910இல் போர்டன் என்பவரை வரவழைத்து, மறு ஆண்டே பயிற்சி வகுப்பு நடத்தச் செய்தார். 1915இல் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் டிக்கின்சன் என்ற அமெரிக்கர் வகுப்பு எடுத்தார். இரண்டுமே நல்ல தொடக்கம்தான். ஆனாலும் நூலகப் பணி என்பது தொழிலா, அறிவியலா என்ற கேள்வி அப்படியே நின்றது.

இப்போது சென்னைக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகர் பதவிக்கு விளம்பரம் செய்தபோது சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்களாம். அவர்களில் ஒருவருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியர், 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவருக்கு அந்தத் துறையில் இருந்த அறிவு, நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரை மட்டுமே! 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். வேலை பிடிக்கவில்லை. கணித வகுப்பின் கலகலப்பு எங்கே, இந்தத் தனிமை எங்கே? திரும்ப வகுப்பறைக்கே போய்விடலாம் என்று துடித்தார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் சேர்ந்தார். பெர்விக் சேயர்ஸ் என்ற நல்ல ஆசிரியர் கிடைத்தார். பல நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் ஒருநாள் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமான் கண்ணில் பட்டது. துளை போட்ட பட்டைகள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை வைத்துக் கிரேனும் கட்டலாம், வண்டியும் கட்டலாம். புத்தகப் பகுப்பையும் இப்படிச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

பொறியாளனான எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். டூயி முறையில் உலக அறிவு முழுவதையும் பத்து அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகப் பிரித்து எண் கொடுத்துவிடுவார்கள். நம்மில் பலருக்கு மனப்பாடமான 620, 621, 624 எல்லாம் அந்த வகைதான். புதிதாக ஒரு துறை வந்தால் எங்கேயாவது இடுக்கித்தான் வைக்க வேண்டும். ரங்கநாதன் முன்கூட்டி அறை கட்டவில்லை. உதிரிப் பாகங்களை மட்டும் செய்து கொடுத்தார். நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, இந்தியா, 1950 என்று ஒரு புத்தகத்தின் பொருளைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் குறி கொடுத்து, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் கோத்துவிடலாம். 1933இல் அச்சான இந்த முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர். இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று தனித்தனியாகத் தட்டிச் சட்டை தேடுகிறோமே, அந்தச் சிந்தனையும் இதே வழியில் வந்ததுதான்.

திரும்பி வந்த ரங்கநாதன் தான் படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு கோடையிலேயே சங்கத்தின் பயிற்சி வகுப்பு ஆரம்பம். 1931இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1937இல் பட்டதாரிகளுக்கான ஓராண்டு முழுநேரப் பட்டயப் படிப்பாக அது உயர்ந்தது. கோடை விடுமுறை வகுப்பு எட்டே ஆண்டில் முதுநிலைப் படிப்பாகியது! இந்தியாவில் இத்தகைய படிப்புகளில் அதுவே முன்னோடி.

என்ன கற்றுக்கொடுத்தார்கள்? அடுக்குவதும் பதிவதும் மட்டுமல்ல. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள்தான் அஸ்திவாரம். புத்தகம் பயன்படுத்தவே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். கேட்டால் ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் விதியை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே அலமாரிப் பூட்டைக் கழற்ற வேண்டும், நூலக நேரத்தை நீட்ட வேண்டும், மக்கள் நடமாடும் இடத்தில் நூலகம் கட்ட வேண்டும். விதியிலிருந்து நடைமுறையைப் பெறுவது கணிதக்காரரின் வழி. நூலகப் பணி அறிவியலானது இப்படித்தான்.

நம் தொழில்காரர் ஒருவருக்கும் இதில் பங்குண்டு. 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன்தான்.

1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோமே, அதன் மூலம் இதுதான். சட்டம் போட்டால் மட்டும் ஆயிற்றா? ஊர் ஊராக நூலகம் திறந்தால் உட்கார ஆள் வேண்டாமா? பயிற்சி வகுப்பு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது.

1945இல் சென்னையை விட்டுப் போன ரங்கநாதன் காசியிலும், பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். டெல்லியில் முதுகலைப் பட்டமும், முனைவர் பட்ட ஆராய்ச்சியும் வந்தன. 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார். விஞ்ஞானிக்கும் தொழிற்சாலைக்கும் வேண்டிய தகவலைத் தேடித் தருபவர்களை உருவாக்குவது அதன் வேலை. தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். 1957இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழுவுக்கு அவரே தலைவர். நூலகருக்கும் ஆசிரியருக்குச் சமமான மதிப்பும் சம்பளமும் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 1972இல் அவர் காலமானார்.

அந்தச் சம மதிப்பு சும்மா கேட்டதல்ல என்பதை நான் நம் கல்லூரியிலேயே கண்டேன். இறுதியாண்டு புராஜெக்ட் சமயத்தில் "சார், அதிர்வு பற்றிப் புத்தகம் வேணும்" என்று போய் நின்றேன். நம் நூலகர் ஐயா உடனே எழுந்து போகவில்லை. "எதோட அதிர்வு தம்பி? மெஷினா, கட்டடமா? கணக்கு போடணுமா, அளந்து பார்க்கணுமா?" என்று மூன்று கேள்வி கேட்டார். கடைசியில் கொடுத்தது இரண்டே புத்தகம். இரண்டும் வேண்டியவை. அவர் என் கேள்வியைத் துண்டு துண்டாக்கிக் கோத்துக் கொடுத்தார் என்பது ரங்கநாதனைப் படித்த பிறகுதான் விளங்கியது. நாலாவது விதியும் அதில் அடக்கம். இதற்குத்தான் ஐயா, படிப்பு வேண்டும்!

இன்று எல்லாம் கைபேசியில் கிடைக்கிறது, நூலகர் எதற்கு என்கிறார்கள். டூயி தொடங்கிய பள்ளி 1926இல் கொலம்பியாவுக்கே திரும்பி வந்தது. அதையே 1992இல் மூடிவிட்டார்கள். நான் வேலை விஷயமாகப் போன இரண்டு கல்லூரிகளில் முழுநேர நூலகர் இல்லை. ஒரு பேராசிரியர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். அலமாரி இருக்கிறது, கணினி இருக்கிறது, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஆயிரம் விடை கொட்டும்போது எது நம்பத்தக்கது, எது நமக்குரியது என்று பிரித்துக் காட்டுபவரின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

பழைய மாணவர் சங்கம் நூலகத்துக்கு எதாவது செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். புத்தகம் வாங்கித் தருவோம், நல்லதுதான். கூடவே, நூலகப் பணியாளர்கள் மேற்படிப்பும் பயிற்சியும் பெற ஒரு சிறு நிதி ஒதுக்குவோம். பயிற்சி பெற்ற நூலகர் இடம் காலியானால் அதை நிரப்பச் சொல்லிக் கேட்கும் முதல் குரல் நம்முடையதாக இருக்கட்டும்.

தற்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பட்டம் வாங்கிய பின் நூலகவியல் முதுகலை படிக்கலாம், முனைவர் பட்டம்வரை போகலாம். கணிதமோ பொறியியலோ படித்தவர்களுக்கும் அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது. வழிகாட்டியவரே கணக்கு வாத்தியார்தானே!

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நூலகம்!